பசித்தவனை ஏமாற்றாத ஓட்டல்காரர்

ரெயில் வந்து நிற்கிறது. பயணிகள் இறங்கி ஓடுகிறார்கள். எல்லோருக்கும் நல்ல பசி. விட்டால் அடுத்த சாப்பாடு நூறு மைலுக்கு அப்பால்தான்.

ரெயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டு விடுதி. சாப்பாடு 50 சென்ட். பணத்தை முதலில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தவர்கள் உட்காருகிறார்கள். ஐந்து நிமிடம் ஆகிறது. பத்து நிமிடம் ஆகிறது. தட்டு வரவில்லை.

கடைசியில் தட்டு வருகிறது. சாப்பாடு கொதிக்கக் கொதிக்க இருக்கிறது. ஒரு வாய் எடுத்து வைப்பதற்குள் ரெயில் மணி அடிக்கிறது! இஞ்சின் ஊதுகிறது! தட்டை விட்டுவிட்டு எல்லோரும் ரெயிலுக்கு ஓடுகிறார்கள். கொடுத்த பணம் போனது போனதுதான்.

அவர்கள் தொடாமல் விட்ட சாப்பாடு என்ன ஆகும்? அது அப்படியே சமையல் அறைக்குத் திரும்பும். அடுத்த ரெயில் வந்ததும் மறுபடியும் மேஜைக்கு வரும். மறுபடியும் 50 சென்ட்!

மணி அடித்த ரெயில்காரருக்கு இதில் என்ன லாபம்? ஒவ்வொரு பயணிக்கும் 10 சென்ட் வீதம் விடுதிக்காரர் அவருக்குக் கமிஷன் கொடுத்துவிடுவார்.

1870-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பல ரெயில் நிலையங்களில் இந்த மோசடி நடந்தது. பயணிகள் திட்டினார்கள். ஆனால் என்ன செய்ய முடியும்? இன்று வருகிறவர் நாளை வரப்போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் விடுதிக்காரர்கள் துணிந்து ஏமாற்றினார்கள்.

இந்த மோசடிக்கு எதிராக நேர்மையான வியாபாரம் செய்து காட்டி, பெரும் பணக்காரர் ஆனவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் பிரெட் ஹார்வி.

லண்டன் சிறுவன்

ஹார்வி அமெரிக்காவில் பிறந்தவர் அல்ல. 1835-ம் ஆண்டு ஜூன் மாதம் 27-ந் தேதி லண்டன் நகரில் பிறந்தார். தந்தை தையல் தொழில் செய்தவர். தொழில் சரியாக நடக்கவில்லை. வீட்டில் வறுமை.

17 வயதில் ஹார்வி கப்பல் ஏறினார். அட்லாண்டிக் கடலைத் தாண்டி நியூயார்க் நகருக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவர் சட்டைப்பையில் இருந்தது இரண்டு பவுன் என்று சொல்வார்கள். தெரிந்தவர்கள் இல்லை. கையில் தொழிலும் இல்லை.

நியூயார்க்கில் வாஷிங்டன் மார்க்கெட் என்ற பெரிய சந்தை இருந்தது. அதன் அருகே "ஸ்மித் அண்டு மெக்னெல்" என்ற சாப்பாட்டு விடுதி. அங்கே பானை, சட்டி தேய்க்க ஆள் தேவைப்பட்டது. வாரம் 2 டாலர் சம்பளம். ஹார்வி அந்த வேலையில் சேர்ந்தார்.

பாத்திரம் தேய்த்தார். பிறகு மேஜை துடைத்தார். அதன் பிறகு பரிமாறினார். அடுப்படியிலும் நின்றார். ஓர் ஓட்டலில் உள்ள எல்லா வேலைகளையும் ஒன்றரை ஆண்டுக்குள் கற்றுக்கொண்டார்.

அந்த விடுதி சந்தைக்குப் பக்கத்தில் இருந்ததால் காய்கறி, மீன், இறைச்சி எல்லாம் அன்றன்றைக்குப் புதிதாக வரும். நல்ல பொருளை வாங்கினால்தான் நல்ல சாப்பாடு போட முடியும் என்ற முதல் பாடத்தை ஹார்வி அங்கேதான் படித்தார்.

கூட்டாளி செய்த துரோகம்

நியூயார்க்கில் இருந்து ஹார்வி தெற்கே நியூ ஆர்லியன்ஸ் நகருக்குப் போனார். அங்கே மஞ்சள் காய்ச்சல் அவரைப் பிடித்தது. அந்தக் காலத்தில் அந்த நோய் வந்தால் பிழைப்பது அரிது. ஹார்வி பிழைத்துக்கொண்டார்.

பிறகு மிசவுரி மாநிலத்தில் உள்ள செயின்ட் லூயிஸ் நகருக்கு வந்தார். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து சொந்தமாகச் சாப்பாட்டு விடுதி திறந்தார். வியாபாரம் நன்றாகவே நடந்தது.

1861-ம் ஆண்டு அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதின. ஹார்வியின் கூட்டாளிக்குத் தென் மாநிலங்கள் மீது பற்று. ஒரு நாள் அவர் இருவரும் சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதையும் எடுத்துக்கொண்டு தெற்கே போய்விட்டார்.

விடுதி மூடப்பட்டது. போதாக்குறைக்கு ஹார்வியை டைபாய்டு காய்ச்சல் தாக்கியது. பல ஆண்டு உழைப்பு சில நாட்களில் கரைந்தது.

துன்பம் அதோடு நிற்கவில்லை. அவருடைய முதல் மனைவி பிரசவத்தை ஒட்டி இறந்துபோனார். தாய் இல்லாத இரண்டு சிறுவர்களுக்காக ஹார்வி மறுமணம் செய்துகொண்டார். மனைவியின் பெயர் சாலி. 1865-ம் ஆண்டு அந்த இரண்டு சிறுவர்களையும் விஷக்காய்ச்சல் கொண்டுபோனது.

வேறு ஒருவர் என்றால் மனம் உடைந்து உட்கார்ந்திருப்பார். ஹார்வி உட்காரவில்லை. பிழைப்புக்கு வேறு வழி தேடினார்.

ஓடும் ரெயிலில் வேலை

அப்போது ஓடும் ரெயிலிலேயே தபால்களைப் பிரிக்கும் முறை புதிதாக வந்தது. அந்த வேலையில் முதன் முதலில் சேர்ந்த சிலரில் ஹார்வியும் ஒருவர். பிறகு ஒரு ரெயில்வே கம்பெனிக்குச் சரக்கு பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டு ஆனார். கான்சாஸ் மாநிலத்தில் உள்ள லெவன்வொர்த் என்ற ஊரில் குடியேறினார்.

சரக்கு பிடிக்கும் வேலை என்றால் எப்போதும் பயணம்தான். மாதத்தில் பெரும்பாலான நாட்கள் ரெயிலில் கழிந்தன. சாப்பாடு? ரெயில் நிலைய விடுதிகளில்தான்.

அங்கே கிடைத்தது என்ன? உப்பில் ஊறிய பன்றி இறைச்சி. வேகாத அவரை. கல்லைப் போன்ற ரொட்டி. என்றோ போட்டு வைத்த காப்பி. மேஜை விரிப்பில் போன வாரத்துக் கறை. இதற்குத்தான் 50 சென்ட். அதையும் முழுதாகச் சாப்பிட விடமாட்டார்கள்.

ஹார்விக்கு உடல்நிலை எப்போதும் சரியில்லை. தலைவலி, தூக்கமின்மை, வயிற்றுக் கோளாறு. கெட்டுப்போன சாப்பாடு மனிதனை என்ன செய்யும் என்பது அவருக்குச் சொந்த வயிற்றில் தெரிந்தது. ஓட்டல் தொழிலும் அவருக்குத் தெரியும். ஆகவே இந்த விடுதிகளின் தந்திரம் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

விலை என்று சொல்வது ஒன்று. உண்மையில் பறிப்பது வேறு ஒன்று. 50 சென்ட் கொடுத்துப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிறவன் உண்மையில் ஒரு சாப்பாட்டுக்கு ஒரு டாலர் கொடுக்கிறான். அந்த விலையை அவனிடம் யாரும் சொல்லவில்லை. அதுதான் மோசடி.

நல்ல சாப்பாட்டை, சொன்ன விலையில், சாப்பிட நேரம் கொடுத்துப் போட்டால் என்ன? ஹார்வி இதை யோசிக்கத் தொடங்கினார்.

கைகுலுக்கலே ஒப்பந்தம்

1875-ம் ஆண்டு வாக்கில் ஹார்வி ஒரு நண்பருடன் சேர்ந்து, கான்சாஸ் பசிபிக் ரெயில் பாதையில் சில சாப்பாட்டு விடுதிகளை நடத்திப் பார்த்தார். லாபம் வந்தது. ஆனால் சாப்பாட்டின் தரத்தில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பிரிந்துவிட்டார்கள்.

ஹார்வி தாம் வேலை பார்த்த ரெயில்வே கம்பெனியிடம் போனார். அவர்கள் பாதை முழுவதும் நல்ல சாப்பாட்டு விடுதிகள் வைக்கலாம் என்று யோசனை சொன்னார். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எதையும் துணிந்து செய்து பார்க்கும் சாண்டா பே கம்பெனியிடம் போய்ச் சொல்லும்படி வேடிக்கையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு.

ஹார்வி அப்படியே செய்தார். சாண்டா பே அப்போது வளர்ந்துகொண்டிருந்த ஒரு ரெயில்வே. அதன் சூப்பிரண்டு சார்லஸ் மோர்ஸ் நல்ல சாப்பாட்டுப் பிரியர். ஹார்வியின் யோசனை அவருக்குப் பிடித்துவிட்டது.

பத்திரம் எழுதவில்லை. கையெழுத்துப் போடவில்லை. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அதுவே ஒப்பந்தம்.

1876-ம் ஆண்டு கான்சாஸ் மாநிலத்தின் தலைநகரான டொபீகாவில், ரெயில் நிலையக் கட்டடத்தின் மாடியில் ஹார்வியின் விடுதி தொடங்கியது. மேஜைகளில் வெள்ளை வெளேர் என்ற விரிப்பு. துடைத்து மினுக்கிய கரண்டிகள். சூடான சாப்பாடு. நல்ல காப்பி.

செய்தி பரவியது. ரெயிலில் வருகிறவர்கள் மட்டும் அல்ல, ஊர்க்காரர்களும் சாப்பிட வந்தார்கள்.

75 சென்ட் சாப்பாடு

1878-ம் ஆண்டு புளோரன்ஸ் என்ற சிற்றூரில் ஹார்வி ஓர் ஓட்டலை எடுத்து நடத்தினார். அந்த ஊரில் மக்கள் கொஞ்சம்தான். ஆனால் சமைக்க வந்தவரோ சிகாகோ நகரின் புகழ்பெற்ற பாமர் ஹவுஸ் ஓட்டலில் இருந்தவர்! இத்தனை சிறிய ஊருக்கு இத்தனை பெரிய சமையற்காரரா என்று எல்லோரும் வியந்தார்கள்.

ஹார்வியின் விடுதிகளில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்று, உயரமான முக்காலிகள் போட்ட சிற்றுண்டிப் பகுதி. சில சென்ட் செலவில் காப்பி, ரொட்டி என்று வேண்டியதை மட்டும் வாங்கிச் சாப்பிடலாம். மற்றொன்று, சாப்பாட்டுக் கூடம். அங்கே முழுச் சாப்பாடு. பல ஆண்டுகள் அதன் விலை 75 சென்ட்.

75 சென்ட் மலிவான விலை அல்ல. அந்தக் காலத்தில் ஒரு கூலித் தொழிலாளி அரை நாள் உழைத்தால் கிடைக்கும் பணம் அது. மற்ற விடுதிகளைவிட 25 சென்ட் கூடுதல்.

ஆனால் அந்த 75 சென்டுக்குள் எல்லாம் அடக்கம். கடலுக்கு வெகு தொலைவில் இருந்த ஊரில் சிப்பி மீன் கிடைத்தது. வறுத்த மாட்டு இறைச்சி, வான்கோழி, காய்கறி, இனிப்பு, காப்பி எல்லாம் கிடைத்தன. கேட்டால் இரண்டாம் முறையும் பரிமாறினார்கள். அதற்குத் தனி விலை இல்லை.

இனிப்பு அப்பம் பரிமாறுவதில் ஹார்வி வைத்த கணக்கை அந்தக் காலத்து மக்கள் வியந்து பேசினார்கள். மற்ற விடுதிகளில் வட்டமான ஓர் அப்பத்தை 6 துண்டாக வெட்டுவார்கள். ஹார்வி 4 துண்டாகத்தான் வெட்ட வேண்டும் என்றார். அதாவது மற்ற இடத்தைவிட ஒன்றரை மடங்கு!

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓட்டல்காரர் விலையை ஏற்ற வேண்டுமானால் பலகையில் உள்ள எண்ணை மாற்ற வேண்டும் என்பது இல்லை. துண்டைச் சிறியது ஆக்கினாலும் விலை ஏறியது ஏறியதுதான். பாலில் தண்ணீர் கலந்தாலும் அப்படித்தான். பழைய காப்பியைச் சூடு பண்ணிக் கொடுத்தாலும் அப்படித்தான். வாங்குகிறவருக்கு இது தெரியாது. அவர் பழைய விலைதான் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

ஹார்வி இந்தப் பின்கதவை அடைத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பழைய காப்பியைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். ஆரஞ்சுச் சாறு கேட்ட பிறகுதான் பிழிய வேண்டும். ரொட்டி அன்றன்று சுட வேண்டும். தண்ணீர் நன்றாக இல்லாத ஊர்களுக்கு நல்ல தண்ணீர் ரெயிலில் வந்தது.

தந்தி சொன்ன கணக்கு

சாப்பாடு நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? சாப்பிட நேரம் வேண்டாமா? ரெயில் நிற்பதே அரை மணி நேரம்தான். அதற்குள் அத்தனை பேருக்கும் எப்படிப் பரிமாறுவது?

ஹார்வி இதற்குத் தந்தியைப் பயன்படுத்தினார்.

ரெயில் வருவதற்கு முன்பே ரெயில் ஊழியர் பெட்டி பெட்டியாகப் போவார். கூடத்தில் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர், சிற்றுண்டி போதும் என்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுக் கணக்கு எடுப்பார். அந்தக் கணக்கு தந்தி மூலம் அடுத்த நிலையத்துக்குப் போய்விடும்.

ரெயில் ஒரு மைல் தொலைவில் வரும்போதே இஞ்சின் ஊதும். அந்த ஒலி கேட்டதும் விடுதியில் முதல் தட்டுகள் மேஜைக்கு வந்துவிடும். ரெயில் நின்றதும் விடுதி வாசலில் பெரிய வெண்கலத் தாளத்தை ஓங்கி அடிப்பார்கள். அந்த ஒலியைக் கேட்டு, எங்கே போக வேண்டும் என்று பயணிகள் தெரிந்துகொள்வார்கள்.

பயணிகள் உட்கார்ந்ததும் பரிமாறும் பெண் ஒருத்தி, என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டு, கோப்பையை ஒரு மாதிரி வைத்துவிட்டுப் போவாள். கோப்பை நிமிர்ந்து இருந்தால் காப்பி. கவிழ்ந்து இருந்தால் தேநீர். கவிழ்ந்து, தட்டை விட்டுத் தள்ளி இருந்தால் பால். பின்னால் வருகிற பெண் ஒன்றும் கேட்காமல் சரியாக ஊற்றிவிட்டுப் போவாள். விஷயம் தெரியாத பயணிகள், இது என்ன மந்திரம் என்று வியப்பார்கள்!

சாப்பாட்டுக்கு நடுவே மேனேஜர் வந்து, நிறைய நேரம் இருக்கிறது, நிதானமாகச் சாப்பிடலாம் என்று அறிவிப்பார். எந்த மணி முன்பு பயணிகளை விரட்டியதோ, அந்த மணியே இப்போது அவர்களுக்காகக் காத்திருந்தது.

கட்டுப்படி ஆனது எப்படி?

இத்தனையும் 75 சென்டுக்குள் எப்படிக் கட்டுப்படி ஆயிற்று? இந்தக் கேள்வி எழுவது நியாயம்.

இதற்கு விடை ரெயில்வேயிடம் இருந்தது. சாண்டா பே ரெயில்வே கட்டடம் கொடுத்தது. இறைச்சி, மீன், பழம், பனிக்கட்டி எல்லாவற்றையும் வாடகை இல்லாமல் தன் ரெயிலில் ஏற்றி வந்தது. வேலைக்காரர்களின் பயணமும் இலவசம். ஒரு சாதாரண ஓட்டல்காரர் சரக்குக் கூலிக்குக் கொடுக்கும் பணம் ஹார்விக்கு மிச்சம் ஆயிற்று. அந்தப் பணம் தட்டில் சாப்பாடாக வந்தது.

ரெயில்வேக்கு இதில் என்ன லாபம்? மேற்கே போக வேறு கம்பெனிகளின் ரெயில்களும் இருந்தன. நல்ல சாப்பாடு கிடைக்கும் என்பதற்காகவே மக்கள் சாண்டா பே ரெயிலைத் தேடி வந்தார்கள். டிக்கெட் வருமானம் கூடியது.

பயணிக்கு நல்ல சாப்பாடு. ஹார்விக்கு லாபம். ரெயில்வேக்குக் கூட்டம். மூவரில் ஒருவரும் மற்றவரை ஏமாற்றவில்லை.

1889-ம் ஆண்டு கைகுலுக்கல் ஒப்பந்தம் எழுத்து ஒப்பந்தம் ஆயிற்று. மிசவுரி ஆற்றுக்கு மேற்கே சாண்டா பே பாதையில் சாப்பாட்டு விடுதிகளை நடத்தும் உரிமை ஹார்விக்கே கிடைத்தது.

பரிமாற வந்த பெண்கள்

நியூ மெக்சிகோவில் ராட்டன் என்று ஓர் ஊர். 1883-ம் ஆண்டு அங்கே இருந்த ஹார்வி விடுதியில் பரிமாறும் ஆண்கள் இடையே அடிதடி. வேலை கெட்டது. ஹார்வி நேரில் போய்ப் பார்த்தார். மேனேஜரை நீக்கினார். புதிதாக வந்த மேனேஜர் ஒரு யோசனை சொன்னார். பரிமாறும் வேலைக்குப் பெண்களை வைக்கலாம் என்பதே அந்த யோசனை.

அந்தக் காலத்தில் மேற்குப் பகுதியில் நல்ல குடும்பத்துப் பெண்கள் ஓட்டலில் வேலை செய்வது வழக்கம் இல்லை. ஆனாலும் ஹார்வி துணிந்தார். கிழக்குப் பகுதிப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார். 18 வயது முதல் 30 வயது வரை உள்ள, நன்னடத்தை உடைய பெண்கள் வேண்டும் என்று கேட்டார்.

பெண்கள் வந்தார்கள். விவசாயிகளின் மகள்கள், தந்தையை இழந்தவர்கள், குடும்பத்துக்கு உதவ வேண்டியவர்கள் எனப் பலர். மாதம் 17 டாலர் 50 சென்ட் சம்பளம். தங்க இடமும் சாப்பாடும் இலவசம். கறுப்பு உடை, வெள்ளை மேலாடை. விடுதியிலேயே தங்க வேண்டும். ஒரு மேற்பார்வைப் பெண்மணி இருப்பார். இரவு குறித்த நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

விருப்பப்பட்ட பயணிகள் இவர்களுக்கு இனாம் கொடுப்பது உண்டு. சம்பளத்தோடு அதுவும் சேர்ந்து வீட்டுக்குப் போயிற்று. அந்தப் பணத்தில் எத்தனையோ தம்பிகள் படித்தார்கள். எத்தனையோ கடன்கள் அடைந்தன. பிறர் கையை எதிர்பாராமல் வாழ முடியும் என்பதைப் பல பெண்கள் இந்த வேலையில்தான் கண்டுகொண்டார்கள்.

இவர்களை "ஹார்வி பெண்கள்" என்று நாடு முழுவதும் அழைத்தார்கள். இவர்களைப் பற்றி 1946-ம் ஆண்டு ஹாலிவுட்டில் ஒரு படமே வந்தது. ஜூடி கார்லண்ட் அதில் நடித்தார்.

மேஜை விரிப்பை இழுத்த கை

ஹார்வி மிகவும் கண்டிப்பானவர். எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. திடீர் என்று ஒரு விடுதியில் இறங்குவார். சன்னல் விளிம்பில் விரலை ஓட்டித் தூசி பார்ப்பார். மேஜையில் ஒரு கோப்பை விளிம்பு உடைந்து இருந்தால்கூடப் பொறுக்கமாட்டார். விரிப்பைப் பிடித்து ஓர் இழுப்பு! தட்டு, கோப்பை எல்லாம் கீழே விழும். மேஜையை மறுபடியும் சரியாக அலங்கரிக்க வேண்டும்.

லாபத்தைப் பற்றியும் ஒரு கதை சொல்வார்கள். ஒரு விடுதியில் மாதம் 1,000 டாலர் நஷ்டம் வந்துகொண்டிருந்தது. புதிய மேனேஜர் அதை 500 டாலராகக் குறைத்துவிட்டார். தமக்குப் பாராட்டு கிடைக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். கிடைத்தது வேலை நீக்கம்! சாப்பாட்டின் அளவைக் குறைத்து நஷ்டத்தைக் குறைத்தார் என்பது ஹார்விக்குத் தெரிந்துவிட்டதாம்.

இந்தக் கதை எந்த அளவுக்கு உண்மையோ, ஹார்வியிடம் வேலை பார்த்தவர்கள் இதை நம்பினார்கள். நம்பியதால் துண்டைச் சிறிதாக வெட்ட அஞ்சினார்கள். அதுவே பெரிய காவலாக இருந்தது.

சாப்பாட்டுக் கூடத்துக்குள் ஆண்கள் கோட்டு அணிந்துதான் வர வேண்டும் என்று ஒரு விதி உண்டு. கோட்டு இல்லாத மாட்டுக்காரர், சுரங்கத் தொழிலாளி என்ன செய்வார்? அவர்களுக்கு விடுதியிலேயே கோட்டு வைத்திருந்து கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

ஹார்வி காலத்துக்குப் பிறகு, இந்தக் கோட்டு விதி செல்லாது என்று ஒக்லஹோமா மாநிலத்தில் வழக்கு நடந்தது. 1924-ம் ஆண்டு அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், விதி செல்லும் என்று தீர்ப்பு அளித்தது.

ஹார்வியின் விடுதிகளில் குறை இல்லாமல் இல்லை. அந்தக் கால அமெரிக்காவில் இருந்த நிற வேற்றுமை அங்கேயும் இருந்தது. தொடக்க ஆண்டுகளில் பரிமாறும் பெண்களாக வெள்ளைக்காரப் பெண்களை மட்டுமே சேர்த்தார்கள். மற்ற இனத்துப் பெண்களுக்கு அந்த வேலை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. விலையில் நேர்மை காட்டியவர், இதில் தம் காலத்தைத் தாண்டவில்லை.

வளர்ந்த ஆலமரம்

சாண்டா பே ரெயில் பாதை நீண்டது. அதனுடன் ஹார்வியின் விடுதிகளும் நீண்டன. ஏறக்குறைய நூறு மைலுக்கு ஒன்று என்ற கணக்கில் கான்சாஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ, அரிசோனா, கலிபோர்னியா என்று மேற்குக் கடற்கரை வரை அவை எழுந்தன. பின்னர் ரெயிலிலேயே உணவுப் பெட்டிகள் ஓடத் தொடங்கியபோது, அவற்றை நடத்தும் பொறுப்பும் ஹார்வியிடமே வந்தது.

வெவ்வேறு ஊரில் இருந்தாலும் எல்லா விடுதிகளிலும் ஒரே தரம். ஒரே சுத்தம். ஒருவர் கான்சாசில் சாப்பிட்டுவிட்டு ரெயில் ஏறினால், அரிசோனாவில் இறங்கும்போது என்ன கிடைக்கும், என்ன விலை ஆகும் என்பது அவருக்குத் தெரியும். ஊர் பேர் தெரியாத இடத்திலும் ஹார்வி என்ற பெயரைப் பார்த்ததும் பயணிகள் தைரியமாக உள்ளே போனார்கள்.

ஒரே இடத்தில் உள்ள வாடிக்கைக்காரருக்கு நேர்மையாக இருப்பது எளிது. ஏமாற்றினால் நாளை அவர் வரமாட்டார். ஆனால் ரெயிலில் போகிறவர் திரும்பி வரப்போகிறவர் அல்ல. அவரிடமும் நேர்மையாக நடந்துகொண்டார் ஹார்வி. அவர் எதிர்பார்த்தபடியே அந்தப் பயணி மறுபடியும் வந்தார். வேறு ஊரில், வேறு விடுதியில், ஆனால் ஹார்வியின் விடுதியில்!

இறுதி நாட்கள்

கடைசி ஆண்டுகளில் ஹார்வியை வயிற்று நோய் வாட்டியது. அது புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்காக இங்கிலாந்துக்குக்கூடப் போய் வந்தார். குணம் ஆகவில்லை. ஊருக்கெல்லாம் நல்ல சாப்பாடு போட்டவர், தாம் விரும்பியதைச் சாப்பிட முடியாமல் தவித்தார்.

1901-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 9-ந் தேதி லெவன்வொர்த்தில் தம் வீட்டில் ஹார்வி காலமானார். அப்போது அவருக்கு வயது 65. வாரம் 2 டாலருக்குப் பானை தேய்த்தவர், 47 சாப்பாட்டு விடுதிகளையும், 15 ஓட்டல்களையும், 30 ரெயில் உணவுப் பெட்டிகளையும் விட்டுச் சென்றார்.

சாகும் தறுவாயில் அவர் மகன்களை அழைத்து, பன்றித் தொடை இறைச்சியை மெல்லியதாக வெட்டிவிடாதீர்கள் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. அது யாரோ கட்டிய கதையாகவும் இருக்கலாம். ஆனால் அவரைத் தெரிந்தவர்கள், சொல்லியிருக்கக்கூடியவர்தான் என்று நினைத்தார்கள்.

மூத்த மகன் போர்டு ஹார்வி தொழிலை ஏற்று நடத்தினார். தந்தை இறந்த பிறகும் பெயர்ப்பலகையை மாற்றவில்லை. 1905-ம் ஆண்டு கிராண்ட் கேனியன் என்ற மாபெரும் பள்ளத்தாக்கின் விளிம்பில் எல் டோவர் என்ற ஓட்டல் திறக்கப்பட்டது. ஹார்வி கம்பெனி அதை நடத்தியது.

பிறகு மோட்டார் கார்கள் பெருகின. விமானங்கள் வந்தன. ரெயில் பயணிகள் குறைந்தார்கள். விடுதிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1968-ம் ஆண்டு ஹார்வி கம்பெனி வேறு ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

கட்டடங்கள் சில இடிந்தன. சில இன்றும் நிற்கின்றன. அவற்றைவிட உறுதியாக நிற்பது ஹார்வி காட்டிய வழி. விலையை முதலிலேயே சொல். சொன்ன விலைக்குள் எல்லாவற்றையும் அடக்கு. அளவைக் குறைத்து மறைமுகமாகப் பறிக்காதே. சாப்பிட வந்தவன் வயிறு நிறைந்து எழுந்து போகட்டும்.

பசியோடு வருகிறவன் பேரம் பேசமாட்டான். கணக்குப் பார்க்கமாட்டான். அவனை ஏமாற்றுவது மிகவும் எளிது. எளிது என்பதாலேயே அதைச் செய்யாமல் இருந்தார் பிரெட் ஹார்வி. செல்வமும் புகழும் அவரைத் தேடி வந்தன.